வாசகர் கேள்வி-பதில்: அன்னா சூவலும் ஒரு கறுப்புக் குதிரையும்

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே அன்னா சூவல் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். வண்டிக் குதிரையைப் பற்றி 'பிளாக் பியூட்டி' என்று ஒரே ஒரு நாவல் எழுதிவிட்டு இறந்துபோன ஆங்கில எழுத்தாளர் என்று. அந்த இரண்டு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. யோசித்தால் காரணம் புரிகிறது. எங்கள் பாலக்காட்டுச் சிற்றூர், கொழிஞ்சாம்பாறை, அடுத்துள்ள பொள்ளாச்சிப் பக்கத்தில் வண்டிமாடு கட்டாத வீடு என் சின்ன வயதில் குறைவு. சரி, இந்த முறை முழுக்க அவரைப் பற்றியே பேசுவோம்.

கேள்வி: அன்னா சூவல் குதிரைகளோடு வளர்ந்தவரா? பண்ணைக் குடும்பமா? (கொழிஞ்சாம்பாறை வாசகி)

பண்ணைக் குடும்பம் கிடையாது அம்மா. அவர் நடக்க முடியாதவர், அங்கிருந்துதான் கதையைத் தொடங்க வேண்டும். 1820-ல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நார்ஃபோக் பகுதியில் கிரேட் யார்மவுத் என்ற ஊரில் பிறந்தார். குவேக்கர் பிரிவைச் சேர்ந்த எளிய கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவுக்குத் தொழில் எதுவும் நிலைக்கவில்லை, அதனால் ஊர் மாறிக்கொண்டே இருந்தார்கள். 14 வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மழையில் வழுக்கி விழுந்து கணுக்கால் இரண்டும் கெட்டுப்போயின. சரியான வைத்தியம் அமையவில்லை. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ஊன்றுகோல் இல்லாமல் நிற்கவோ கொஞ்ச தூரத்துக்கு மேல் நடக்கவோ அவரால் முடியவில்லை.

வெளியே போக வேண்டுமென்றால் குதிரை வண்டிதான். சிறிய வண்டியை அவரே ஓட்டினார், அப்பாவை ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அவர் பொறுப்பு. தன் கால் செய்ய முடியாத வேலையை இன்னொரு உயிரின் கால்கள் செய்கின்றன என்பதை அவர் தினமும் உடம்பால் உணர்ந்திருக்கிறார். குதிரை மேட்டில் திணறினால் ஓட்டுகிறவர் இறங்கி நடந்து பாரத்தைக் குறைக்கலாம். அன்னாவுக்கு அதுகூட முடியாது. இதை நினைத்துக்கொண்டு அந்த நாவலைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

அவருடைய அம்மா மேரியும் எழுத்தாளர். எளிய ஜனங்களுக்காகப் பாட்டு வடிவில் கதைகள் எழுதினார், அதில் ஒன்று 10 லட்சம் பிரதிக்கு மேல் போயிற்று. அம்மா எழுதியதை முதலில் படித்துத் திருத்தம் சொன்னது மகள்தான். அந்தப் பயிற்சிதான் பின்னால் கைகொடுத்தது என்று நினைக்கிறேன்.

கேள்வி: சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அதன் சுருக்கத்தைப் படித்திருக்கிறேன். குழந்தைப் புத்தகத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு? (மீனாட்சிபுரம் வாசகர்)

குழந்தைகளுக்கென்று அவர் எழுதவே இல்லை. வண்டிக்காரர்கள், லாயத்தில் வேலை செய்கிற பையன்கள், குதிரை வைத்திருப்பவர்கள் படிக்க வேண்டும் என்று எழுதினார். குதிரையிடம் அன்பாகவும் அதைப் புரிந்துகொண்டும் நடக்கும்படி மனிதர்களை மாற்றுவதுதான் தன் நோக்கம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். பின்னால் வந்த சுருக்கப் பதிப்புகள்தான் அதைக் குழந்தைகள் அலமாரிக்குத் தள்ளிவிட்டன.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பணக்காரர்களின் கோச்சு வண்டிக் குதிரைகளுக்கு ஒரு வார் கட்டுவார்கள். வாயில் இருக்கிற கடிவாளத்திலிருந்து முதுகுச் சேணத்துக்குப் போகும் வார். அதை இழுத்துக் கட்டினால் குதிரையால் தலையைக் கீழே இறக்கவே முடியாது. கழுத்து வில் மாதிரி வளைந்து கம்பீரமாகத் தெரியும். பார்க்கிறவருக்கு அழகு, குதிரைக்கு நாள் முழுக்க வாயிலும் கழுத்திலும் வலி, மூச்சும் சரியாக வராது. வண்டி மேடு ஏறும்போது குதிரை தலையைத் தாழ்த்தி, உடம்பு முழுவதையும் முன்னால் சாய்த்து இழுக்க வேண்டும், அந்த வார் அதற்கு விடாது.

நாவலில் ஒரு இடம் வருகிறது. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் நின்றுவிட, வண்டிக்காரன் சாட்டையால் அடிக்கிறான். வழியில் போன ஒரு பெண் அவனிடம் பணிவாக, அந்த வாரை மட்டும் அவிழ்த்துப் பாருங்களேன் என்கிறார். அவிழ்க்கிறான். குதிரை தலையைத் தாழ்த்தித் தோள் கொடுத்து ஒரே மூச்சில் ஏற்றிவிடுகிறது. அந்தப் பெண் திட்டவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. மேட்டில் குதிரையின் தலை எங்கே இருக்க வேண்டும் என்பதைச் செய்து காட்ட வைக்கிறார், அவ்வளவுதான். வண்டி ஓட்டுகிறவன் இதைப் படித்தால் அடுத்த நாளே அவிழ்த்துப் பார்ப்பான். நான் பலமுறை திரும்பிப் படித்த பக்கங்கள் இவை.

அமெரிக்காவில் ஜார்ஜ் ஏஞ்செல் என்ற மிருகவதைத் தடுப்பு இயக்கக்காரர் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார். 1890-ல் மலிவு விலையில் அச்சடித்து வண்டிக்காரர்களுக்கும் லாயக்காரர்களுக்கும் பரப்பினார்.

கேள்வி: குதிரை தன் கதையைத் தானே சொல்வது பொய்தானே? மாடு பேசினால் என்ன சொல்லும் என்று நமக்கு எப்படித் தெரியும்? (கோபாலபுரம் விவசாயி)

நியாயமான கேள்விங்க. முதல் பதிப்பின் முகப்பிலேயே, குதிரை மொழியிலிருந்து பெயர்த்தது என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனால் அவர் அந்தக் குதிரையை இஷ்டத்துக்குப் பேசவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் குதிரையின் உடம்புக்கு எட்டுவதுதான் அதன் வாயில் வருகிறது. முதல்முறை கடிவாளம் போடும் இடத்தைப் பாருங்கள்: விரல் பருமனுக்கு ஜில்லென்ற இரும்பைப் பல்லுக்கு நடுவே, நாக்குக்கு மேலே திணித்து, வாயின் இரண்டு ஓரத்திலும் வெளியே வரவைத்துத் தலையோடு வார் போட்டு இறுக்குகிறார்கள். அதைப் படித்தபோது என் நாக்கு தானாக மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. லாடம், சேணம், கண்ணை மறைக்கும் தோல், கல் ரோடு என்று ஒவ்வொன்றும் இப்படித்தான் வருகிறது.

இன்னொன்று. அந்தக் குதிரை ஒவ்வொரு கையாக விற்கப்பட்டுப் போகிறது. ஆள் மாற மாற அதன் பெயரும் மாறுகிறது. நல்ல எஜமானிடம் ஒரு பெயர், லண்டன் வாடகை வண்டியில் வேறு பெயர். முன்பு ஒரே லாயத்தில் கூட இருந்த ஜிஞ்சர் என்ற பெண் குதிரையை வாடகை வண்டி நிற்கும் இடத்தில் மெலிந்து எலும்பாகப் பார்க்கிற கட்டத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை, நீங்களே படியுங்கள். சந்தையில் மாட்டை விற்றுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தவர்களுக்கு அது தாங்காது.

அன்னா வண்டிக்காரர்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. வண்டியையும் இரண்டு குதிரைகளையும் வாடகைக்கு எடுத்து ஓட்டும் ஒருவன் தினமும் முதலாளிக்கு 18 ஷில்லிங் கட்ட வேண்டும், அதற்குமேல் கிடைப்பதுதான் அவன் வீட்டுச் சோற்றுக்கு. அவன் குதிரையை ஓட ஓட விரட்டாமல் என்ன செய்வான்? அவன் பேசுவதை அன்னா முழுசாகப் பேசவிடுகிறார். ஆனால் 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்பதை மட்டும் லேசில் விடமாட்டார். வியர்த்து வந்த குதிரைக்கு நல்ல மனசோடு பச்சைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, போர்வை போர்த்தாமல் விட்டுவிடுகிறான் ஒரு சின்னப் பையன். குதிரை சாகக் கிடக்கிறது. கெட்ட எண்ணத்துக்கு அடுத்தபடி இந்த உலகத்தில் மோசமானது அறியாமைதான் என்று அனுபவசாலியான லாயக்காரர் அங்கே சொல்வார்.

கேள்வி: நம் நாட்டில் வண்டி இழுக்கும் மாட்டுக்குச் சட்டம் ஏதாவது உண்டா? (சிற்றூர் வாசகர்)

உண்டு, அதன் பின்னால் ஒரு தமிழ்ப் பெண்மணியும் இருக்கிறார். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார், தனிநபர் மசோதாவாக அவர் தொடங்கிவைத்த விஷயம்தான் 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டமாக முடிந்தது. 1962-ல் சென்னையில் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர்.

1965-ல் வண்டிமாடு, பொதிமாடு, குதிரை, கழுதைக்கென்று விதிகள் வந்தன. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. பாலக்காட்டு மாசி, பங்குனி வெயிலில் நிற்கிறவர்கள் இந்தக் கடைசி விதியை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். முள் வைத்த கடிவாளத்துக்கும் தடை இருக்கிறது. அன்னா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

லாரிக்கும் விதி இருக்கிறது, 1978-லிருந்து. ஒரு சரக்கு லாரியில் 6 மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. பொள்ளாச்சிச் சந்தை கூடும் செவ்வாயும் வியாழனும் எங்கள் ரோட்டில் மேற்கே போகிற லாரிகளை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், கொம்போடு கொம்பு இடித்து நிற்கும், படுக்கவும் இடமிருக்காது. எண்ணுகிற அன்றைக்கெல்லாம் ராத்திரிச் சாப்பாடு இறங்காது.

கேள்வி: அவருக்கு எவ்வளவு பணம் கிடைத்தது? (வாளையார் வாசகர்)

40 பவுண்டு. 1877 நவம்பரில் நார்விச் நகரத்துப் பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. கோடிக்கணக்கில் விற்ற புத்தகம் அது. 1878 ஏப்ரலில், ஐந்து மாதத்தில், 58 வயதில் அவர் போய்விட்டார். அடக்கத்துக்கு வந்த வண்டிகளின் குதிரைகளுக்கு அதே வார் கட்டியிருந்ததை அம்மா மேரி பார்த்துவிட்டு, அதை அவிழ்க்கச் சொன்னாராம். அவிழ்த்த பிறகுதான் ஊர்வலம் நகர்ந்தது.

கேள்வி: என் அப்பா வேலந்தாவளம் சந்தைக்குக் காய்கறி வண்டி ஓட்டியவர். அவருடைய காளையைப் பற்றி ஒரு நாவல் எழுத ஆசை. எங்கே தொடங்குவது? (வேலந்தாவளம் வாசகர்)

அப்பா இருக்கிறார் அல்லவா, அவரிடமே தொடங்குங்கள். அன்னா அந்த நாவலை 1871-லிருந்து 1877 வரை எழுதினார், பெரும்பாலும் சோபாவிலோ படுக்கையிலோ கிடந்தபடி. முடிகிற நாளில் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் கொஞ்சம், முடியாத நாளில் வாயால் சொல்ல அம்மா எழுதிக்கொள்வார். துண்டு துண்டாகச் சேர்ந்ததுதான் அது. நீங்களும் அப்படியே செய்யலாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

காளையின் பாசம், விசுவாசம் என்றெல்லாம் உடனே போய்விடாதீர்கள். எங்கள் தாத்தா முன்பாரம் கூடினால் மாட்டுக் கழுத்து நோகும், பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு இறுக்கும் என்று தேங்காய் மூட்டையை நாலு தடவை மாற்றி மாற்றி அடுக்குவார், பக்கத்து வண்டிக்காரர்கள் கிளம்பிப் போனபிறகும் அடுக்கிக்கொண்டே இருப்பார். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் முதலில் நுகம் பட்ட இடத்தைத் தடவிப் பார்த்து வேப்பெண்ணெய் போடுவார், அப்புறம்தான் அவர் கால் கழுவுவது. அந்தக் காளைகளைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் தாத்தாவின் அந்த எண்ணெய்க் கை வழியாகத்தான்.

ஆகவே அப்பாவிடம் இதைக் கேளுங்கள்: வலத்துக் காளையா, இடத்துக் காளையா? எந்த மேட்டில் நிற்கும்? மூக்கணாங்கயிறு யார் குத்திவிட்டார்கள், அன்றைக்கு அது என்ன செய்தது? எத்தனை நாளுக்கு ஒருமுறை லாடம் மாற்றினார்கள்? தார்க்குச்சி வைத்திருந்தாரா, வைத்திருந்தால் எப்போது அதைத் தூக்கிப் போட்டார்? கடைசியில் அந்தக் காளை எங்கே போயிற்று என்பதை மட்டும் முதல் நாளே கேட்காதீர்கள். அவரே ஒருநாள் சொல்வார். முதல் பத்துப் பக்கம் ஆனதும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுக் கடிதம் எழுதுகிறேன்.