தட்டைத் தட்டினால் திரும்புகிறான், அப்புறம் எதற்கு டெஸ்ட்?

கேள்வி: என் மகனுக்கு 7 மாதம். பிறந்த மறுநாள் காதில் சின்னதாக எதையோ வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி கொண்டு வரச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார், லீவு கிடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டோம். தட்டைத் தட்டினால் பையன் திரும்புகிறான். அவன் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினார் என்கிறார் மாமியார். இனிமேலும் போக வேண்டுமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: போக வேண்டும் அம்மா, இந்த வாரமே.

அந்தத் தட்டு விஷயத்தை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் நானே அதில் ஏமாந்தவள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்த காலத்தில் தகரத் தட்டைக் கீழே போடுவோம், பிள்ளை திடுக்கிட்டால் காது நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுவோம். தரை அதிர்ந்ததும், என் கை அசைந்ததும் பிள்ளைக்குத் தெரியாதா என்ன? அதோடு, உறுமி மேளம் கேட்கிற காதுக்கு 'ச', 'த' மாதிரி மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். அந்த ஒலிகள் இல்லாமல் பேச்சு எப்படி வரும்?

மருத்துவமனையில் செய்தது வேறு மாதிரி. மெல்லிய சத்தத்தைக் காதுக்குள் அனுப்பினால், நல்ல உள்காது லேசாக எதிரொலி கொடுக்கும், அதைக் கருவி பிடித்துக்கொள்ளும். பிறந்த ஓரிரு நாளில் காதில் நீரோ, பிறந்த பிள்ளை உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவோ அடைத்திருந்தால்கூட எதிரொலி வராது. அதனால் மறுபடி போகிற பிள்ளைகளில் பலருக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் 1,000 குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கு நிரந்தரக் குறை இருக்கத்தான் செய்கிறது, உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்ற முடிவு, குறை இருந்தால் 6 மாதத்துக்குள் காது கேட்கும் கருவி, பயிற்சி. இதுதான் உலகம் முழுக்கப் பேசுகிற கணக்கு. அந்தக் கடைசிக் கெடு உங்களுக்கு ஒரு மாதம்தான் தாண்டியிருக்கிறது, அழுதுகொண்டிருக்க வேண்டாம். பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) அந்தத் தாளைக் காட்டி ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். பிறந்தபோது காமாலை அதிகமாகி ரத்தம் மாற்றினார்களா, சொந்தத்தில் கட்டியவர்களா, குடும்பத்தில் சின்ன வயதிலேயே காது கேட்காதவர் உண்டா, எல்லாவற்றையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இன்னொன்று, அடுத்த டெஸ்டைப் பெரும்பாலும் பிள்ளை தூங்கும்போதுதான் எடுப்பார்கள். காரில் தூங்க விடாதீர்கள், அங்கே போய்ப் பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். இல்லாவிட்டால் இன்னொரு நாள் லீவு போடச் சொல்வார்கள்.

தப்பு உங்களுடையது மட்டுமில்லை. பெற்ற உடம்போடு வீட்டுக்குக் கிளம்புகிறவள் கையில் ஒரு தாளைத் திணித்தால் அது துணி மூட்டைக்குள்தான் போகும். 2-ஆம் மாத ஊசியை இங்கே யாரும் மறப்பதில்லை. அன்றைக்கே காதையும் பார்த்தால் என்ன?

கேள்வி: 2 வயது மகள், இரண்டு காதிலும் கருவி. சைகை பழக்கினால் வாய் பேசாது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கருவியும் அடிக்கடி விசிலடிக்கிறது.
- வாசகர், பாகான் செராய்

பதில்: சைகை பேச்சைக் கெடுக்காது. எந்த மொழியுமே இல்லாமல் கழிகிற வருடங்கள்தான் கெடுக்கும். மலேசிய சைகை மொழியை 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமே அங்கீகரித்திருக்கிறது. காது கேளாத பிள்ளைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் கேட்கிற பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள், அதனால் பிள்ளையோடு நீங்களும் பாட்டியும் சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டியதுதான். வீட்டில் தமிழையும் நிறுத்தாதீர்கள். விசில் வந்தால் பெரும்பாலும் காது வளர்ந்து, கருவியைக் காதுக்குள் பொருத்துகிற அச்சு லூசாகிவிட்டது என்று அர்த்தம், புது அச்சு எடுக்கச் சொல்லுங்கள். ஓகேயூ கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, எடுத்தாயிற்றா? இல்லையென்றால் சமூகநல இலாகாவில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கோயில் இளைஞர் குழு இதற்கு ஏதாவது செய்யலாமா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முகாம், பேனர் எல்லாம் அப்புறம். மாதம் ஒரு நாள் ஈப்போவுக்கு ஒரு வேன் விடுங்கள், கூடவே மலாய் நன்றாகப் பேசுகிற ஒருவரை அனுப்புங்கள். முதல் கேள்வி கேட்ட அம்மா உங்கள் ஊர்தான்.