கீபோர்டு மாணவர் கையிலேயே இருக்கட்டும்

தம்பி, சென்னையில் பிஎச்டி முடித்துவிட்டு, செப்டம்பரில் பிரிட்டனில் கணினி அறிவியல் லெக்சரராகச் சேரப்போவதாக எழுதியிருந்தீர்கள். பாடம் நடத்துவது போக, பர்சனல் டியூட்டர் (மாணவரின் படிப்பையும் நலனையும் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்) என்று 15 மாணவர்களை உங்கள் பெயரில் போட்டிருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன செய்வது, அது பதவி உயர்வுக்கு உதவுமா என்று கேட்டிருந்தீர்கள்.

பதவி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். லெக்சரர், சீனியர் லெக்சரர், ரீடர், அப்புறம்தான் புரொபசர். ரீடருக்குப் பதில் அசோசியேட் புரொபசர் என்று சொல்லும் இடங்களும் உண்டு. ஊரில் கல்லூரியில் பாடம் எடுக்கும் எல்லோரையும் புரொபசர் என்போம். இங்கே அது உச்சிப் படியில் இருப்பவருக்கு மட்டும். ப்ரொபேஷன், அதாவது வேலை நிரந்தரமாகும் முன் உள்ள சோதனைக் காலம், பெரும்பாலும் மூன்று வருடம். அதற்குள் கற்பித்தலுக்கென்று ஒரு சான்றிதழ் படிப்பும் முடிக்கச் சொல்வார்கள். தட்டிக்கழிக்காமல் படியுங்கள். உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரையும் ஆராய்ச்சி நிதியும்தான் அதிகம் எடுபடும் என்றாலும், மாணவர்களுக்குச் செய்ததையும் விண்ணப்பத்தில் எழுத இடம் இருக்கிறது.

மதிப்பெண்ணில் கவனம். இங்கே இளநிலையில் 70 வாங்கினாலே முதல் வகுப்பு, 40 தேர்ச்சி. முதல் வருடம் ஊர்ப் பழக்கத்தில் 85, 90 என்று அள்ளிப் போட்டேன். இரண்டாவதாகத் திருத்திப் பார்த்தவர் விடைத்தாள் கட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதிலேயே போயிற்று.

சரி, மாணவர்களுக்கு வருவோம். இரண்டாம் வருடப் பையன் ஒருவன் மூன்று வாரம் லேப் பக்கம் வரவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்தேன். ரிகர்ஷனில் (நிரல் தன்னைத்தானே திரும்பத் திரும்ப அழைக்கும் முறை) எழுதிய நிரல், ஓடவிட்டால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, அதாவது அழைப்புகள் குவிந்து நினைவக இடம் தீர்ந்து நின்றுவிடும். எங்கே நிற்க வேண்டும் என்பதை எழுதாமல் விட்டிருந்தான். நான் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, இரண்டு வரி சேர்த்துச் சரிசெய்து கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வாரம் வேறு நிரல், அதே தப்பு. பக்கத்து அறையில் இருந்த மூத்த ஆசிரியையிடம் சொன்னபோது, "கீபோர்டைத் தொட்டது நீயா, அவனா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து கையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன். அந்தப் பையனின் நிரல், கிளை கிளையாகப் பிரியும் தரவு அமைப்பில் (அதை மரம் என்போம்) ஓடுவது. அவனிடம், "மரத்தில் ஒரே ஒரு இலைதான் இருக்கிறது என்றால் இந்த நிரல் என்ன செய்யும்? தாளில் போட்டுக் காட்டு" என்றேன். பத்து நிமிடம் பேச்சே இல்லை. நமக்கு அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் கஷ்டம், உடனே விடை சொல்லிப் பழகியவர்கள் நாம். பென்சிலால் மூன்றாவது முறை போட்டுப் பார்க்கும்போது அவனே பிடித்துவிட்டான். ராத்திரி வேலைக்குப் போய்வந்து காலையில் தூங்கிவிடுவதாக, அதற்குப் பிறகுதான் வாய் திறந்தான்.

அந்த மாதிரிப் பிரச்சினைகளை நீங்கள் தனியாகத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. பணக் கஷ்டத்துக்கும் மனக் கஷ்டத்துக்கும் பல்கலைக்கழகத்திலேயே ஆள் இருப்பார்கள். சேர்ந்த அன்றே அந்த அலுவலகம் எங்கே என்று நடந்துபோய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். முதல் இரண்டு வாரத்துக்குள் 15 பேரையும் தனித்தனியாகப் பத்து நிமிடமாவது பார்த்துவிடுங்கள். அப்போது முகம் பழகாதவர்கள், சிக்கல் வந்த பிறகு உங்கள் கதவைத் தட்ட மாட்டார்கள்.