முட்டையும் தடித்த எழுத்தும்

அன்புள்ள ஐயா,

1917-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ் மீது வார்விக் ரயில் நிலையத்தில் முட்டை வீசினார்களாமே? குயின்ஸ்லாந்து முதல்வர் டி. ஜே. ரயன் ஒரு புரட்சிக்காரர், அவர் தூண்டிவிட்டதுதான் என்கிறார் நண்பர். உண்மையா?

எம்.

அன்புள்ள எம்.,

முட்டையில் ரயனுக்குப் பங்கில்லை. புரட்சிக்காரர் என்பதும் அவருக்குப் பொருந்தாது. ராக்ஹாம்ப்டனில் வக்கீலாக இருந்தவர். 1915-இல் முதல்வரானதும் அட்டர்னி ஜெனரல் பொறுப்பையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். சட்டத்தில் எங்கே இடுக்கு இருக்கிறது என்று தேடுகிற ஆள்.

பிரிட்டிஷ் படைக்கு இறைச்சி அனுப்ப முந்தைய அரசு 1914-இல் ஒரு சட்டம் போட்டிருந்தது. அந்தப் பிடியை வைத்தே மலிவாக இறைச்சி வாங்கி, அரசுக் கசாப்புக் கடைகளைத் திறந்தார். முதல் கடை 1915 நவம்பரில், பிரிஸ்பேன் ரோமா தெருவில். அரசு வாங்கிப்போட்ட மாட்டுப் பண்ணைகள்தான், 1920-க்குப் பிறகு மாட்டு விலை சரிந்தபோது, கையைச் சுட்டன.

நண்பர் சொல்லவேண்டியது ஹன்சார்ட் விவகாரத்தை. (ஹன்சார்ட் என்பது அவைப் பேச்சுகளை அப்படியே அச்சிடும் அரசுப் பதிவேடு.) கட்டாய ராணுவச் சேவைக்கான இரண்டாவது வாக்கெடுப்பு 1917 டிசம்பர் 20-இல். மாநில முதல்வர்களில் அதை எதிர்த்தவர் ரயன் ஒருவர்தான். படைக்கு எத்தனை ஆள் தேவை என்ற ஹியூஸின் கணக்கை மறுத்து அவர் பேசியதை, ராணுவத் தணிக்கையாளர் பத்திரிகையில் வரவிடாமல் வெட்டினார். சட்டமன்றப் பேச்சுக்குத் தனி உரிமை உண்டல்லவா? நவம்பர் 22 அன்று, வெட்டிய பகுதிகளை அவையில் வாசித்து அவைக்குறிப்பில் ஏற்றினார் ரயன். ஹன்சார்டில் அந்த வரிகள் மட்டும் தடித்த எழுத்தில் அச்சாயின. தணிக்கையாளர் எதை வெட்டினார் என்று தேடவே வேண்டாம், பார்த்த மாத்திரத்தில் தெரியும். எனக்கு இது அவருடைய ஆகச்சிறந்த குறும்பு.

26-ஆம் தேதி இரவு, தணிக்கையாளரும் சிப்பாய்களும் உடன்வர, ஹியூஸ் நேரில் வந்து அரசு அச்சகத்தில் பிரதிகளை அள்ளிப்போனார். ரயன் அச்சகத்துக்கு போலீஸ் காவல் போட்டு, மறுநாளே சிறப்பு அரசிதழ் வெளியிட்டார்.

29-ஆம் தேதிதான் வார்விக். முட்டை ஹியூஸின் தொப்பியைத் தட்டிவிட்டது. எறிந்தவனைக் கைது செய்யச் சொன்னபோது, தான் குயின்ஸ்லாந்து சட்டத்துக்குத்தான் கட்டுப்பட்டவன் என்று மறுத்துவிட்டார் சார்ஜென்ட் கென்னி. அவர் ரயன் அரசின் போலீஸ் என்பதால்தான் இந்தப் பழி. அடுத்த சில வாரங்களுக்குள் மத்திய அரசுக்கென்று ஒரு போலீஸ் படையே அமைத்துக்கொண்டார் ஹியூஸ்.