சிகரெட்டைக் குறைக்கிறவர்கள் கேட்ட கேள்விகள்

தினமும் 20 சிகரெட் பிடித்தேன். மூன்று மாதத்தில் ஐந்தாகக் குறைத்துவிட்டேன். இது போதாதா?

இருபதை ஐந்தாக்கியது சாதாரண காரியமல்ல, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இதயம் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு உள்ள கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று 2018-இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது. இன்னொன்றையும் கவனியுங்கள். எண்ணிக்கை குறைந்தால், உடல் இழந்த நிகோடினை மீட்கப் பார்க்கும். ஒவ்வொன்றையும் ஆழமாக இழுப்பீர்கள், பஞ்சு சுடும்வரை விடமாட்டீர்கள். ஐந்திலேயே தங்கிவிடாமல், அடியோடு விட இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதியைக் குறித்து வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

எதிலிருந்து குறைக்கத் தொடங்குவது?

காலையில் எழுந்ததும் பிடிக்கும் முதல் சிகரெட்டிலிருந்து. எழுந்த அரை மணி நேரத்துக்குள் கை தேடுகிறது என்றால் பழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை முதலில் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம். அடுத்து டீயையும் சிகரெட்டையும் பிரியுங்கள். டீக்கடையில் குடிப்பதைச் சில வாரங்களுக்கு வீட்டிலோ அலுவலக மேசையிலோ வைத்துக்கொள்ளலாம்.

ஆசை தாங்கவில்லை என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் உதவும். அதைச் சாதாரண சூயிங்கம்போல விடாமல் மெல்லக் கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, காரம் அடங்கியபின் மீண்டும் மெல்லுங்கள். காபி குடித்த கையோடு போட்டால் மருந்து சரியாக உள்ளே இறங்காது. கால் மணி நேரம் இடைவெளி விடுங்கள். இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

விட்டதிலிருந்து படபடப்பு, தூக்கமும் வரவில்லை. மீண்டும் பிடிக்கலாமா என்று தோன்றுகிறது.

நீங்கள் நாளொன்றுக்கு எத்தனை காபி குடிக்கிறீர்கள்? சிகரெட் புகை, காபியிலுள்ள காஃபினைக் கல்லீரல் வேகமாக வெளியேற்றும்படி செய்கிறது. புகை நின்றதும் அதே காபி உடலில் நெடுநேரம் தங்குகிறது. பலர் இதனால் வரும் படபடப்பை நிகோடின் ஏக்கம் என்று எண்ணித் தோற்றுப்போகிறார்கள். காபியைப் பாதியாகக் குறைத்து, மாலைக்குப் பிறகு தொடாமல் இருந்து பாருங்கள்.

அப்பா சிகரெட்டிலிருந்து பீடிக்கு மாறிவிட்டு, குறைத்துவிட்டதாகச் சொல்கிறார்.

குறையவில்லை. பீடி அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். தாரும் கார்பன் மோனாக்சைடும் தாராளமாக உள்ளே போகின்றன. சண்டை போடாமல், பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாளும் தொடமாட்டேன். மாலையைக் கழற்றிய அன்றே பிடித்துவிடுகிறேன். ஏன்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நிகோடினை விடும்போது வரும் எரிச்சலும் தவிப்பும் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியென்றால் 41-ஆம் நாள் உங்கள் உடல் ஏறக்குறைய விடுபட்டுவிட்டது! உங்களை இழுப்பது பழைய இடமும் பழைய கூட்டமும்தான். விரத காலத்தில் "சாமி பிடிக்கமாட்டார்" என்று நண்பர்கள் நீட்டாமல் இருந்தார்கள். மாலை கழன்றதும் அந்தக் காவல் போய்விடுகிறது. ஆகவே மலையிலிருந்து இறங்குவதற்கு முன்பே, உடன் வரும் சாமிகளிடம் "இனிமேலும் எனக்கு நீட்டாதீர்கள்" என்று சொல்லிவையுங்கள். ஊர் திரும்பிய முதல் வாரம் அந்தக் கடைப்பக்கம் போகாதீர்கள். கை நடுங்கினால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா அரசு எண்ணில் ஆலோசகரிடம் பேசுங்கள்.