கொத்து காலி என்று யார் சொன்னது?

அன்புள்ள ஐயா,

முதுகலை இயற்பியல் படிக்கிறேன். ஒரு கோள விண்மீன் கொத்தைப் பற்றிய பழைய ரேடியோ தொலைநோக்கிப் பதிவு ஒன்றில், வேகமாகச் சுழன்று சீராக ரேடியோ துடிப்புகளை அனுப்பும் பல்சார் விண்மீன்கள் உண்டா என்று தேடினேன். ஒன்றுமே சிக்கவில்லை. இந்தக் கொத்தில் பல்சார் இல்லை என்று திட்ட அறிக்கையில் எழுதப்போகிறேன். இனி இந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவே செய்துவிடுமா? இந்தத் துறைக்கு வரலாமா?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

செயற்கை நுண்ணறிவு கேள்வியை விடுங்கள். பொய்ச் சைகைக் குப்பையைப் பிரிக்க அது உதவுகிறது, உதவட்டும். உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது வேறொரு வரி. ஒரே பதிவை வைத்துக்கொண்டு ஒரு கொத்தையே காலி என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது எங்களுக்கு மூத்த அக்கா ஒருவர் இருந்தார். எதுவும் கிடைக்கவில்லை என்று தாளை நீட்டினால் வாங்கவே மாட்டார். "எவ்வளவு மங்கல் வரைக்கும் பார்த்த? எவ்வளவு முடுக்கம் வரைக்கும்? எழுதிட்டு வா." அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது நானும் அதையேதான் கேட்கிறேன்.

47 டுக்கானே என்ற கோளக் கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பல்சார் தன் துணையைச் சுமார் 95 நிமிடத்தில் சுற்றி முடிக்கிறது. நீங்கள் ஒரு மணி நேரப் பதிவை மொத்தமாக ஃபூரியர் மாற்றத்தில், அதாவது சைகையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கில், போட்டால், அதற்குள் அது பாதிச் சுற்றுக்கு மேல் போயிருக்கும். அது நம்மை நோக்கி வந்தும் விலகியும் போவதால் வரும் டாப்ளர் விளைவால் துடிப்பின் அதிர்வெண் நழுவிக்கொண்டே இருப்பதால், ஒரே முகடாக நிற்க வேண்டிய சைகை பரவிக் கரைந்துவிடும். இந்த நழுவலைச் சரிசெய்து தேடுவதுதான் முடுக்கத் தேடல். ஆனால் முடுக்கம் மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் அதுவும் தேடுகிறது. பதிவு நீளம் சுற்றுக் காலத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதன் கையும் தளர்ந்துவிடும். பதிவைச் சின்னத் துண்டுகளாக நறுக்கலாம். மங்கலான பல்சார் அப்போது இரைச்சலில் மூழ்கும். இந்த இழுபறியில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லை!

இன்னொன்று, பல்சார் இருந்தாலும் பதிவு எடுத்த அன்றைக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? இடையிலுள்ள மின்னேறிய வாயு பல்சாரை மினுக்க வைக்கிறது. 47 டுக்கானேயில் சில பல்சார்கள் அபூர்வமாகச் சில நாட்கள்தான் தலைகாட்டுகின்றன. டெர்சான் 5 கொத்தில் நொடிக்கு 716 முறை சுழல்கிற ஒன்று இருக்கிறது, நமக்குத் தெரிந்ததிலேயே வேகமானது. சுற்றுப்பாதையில் ஏறத்தாழ 40 சதவீத நேரம் அது மறைந்தே கிடக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் பார்த்திருந்தால் அதையும் இல்லை என்றுதான் எழுதியிருப்பீர்கள்.

அதே டெர்சான் 5-இல் 2018-இல் மேலும் மூன்று பல்சார்களை அறிவித்தார்கள். பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கிப் பதிவுகளின் நிறமாலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிப் பார்த்து எடுத்தவை அவை. தனித்தனியாகப் பார்த்தபோது அந்தப் பதிவுகளில் இவை யார் கண்ணிலும் படவில்லை.

துறைக்கு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? வாருங்கள். எதுவும் கிடைக்காததையும் ஒளிக்காமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். அடுத்த கடிதத்தில் பதிவின் நீளம், அதிர்வெண், தேடிய சிதறல் அளவு (இடையிலுள்ள வாயு துடிப்பைத் தாமதப்படுத்தும் அளவு), முடுக்க எல்லை நான்கையும் எழுதுங்கள். அதெல்லாம் இல்லாமல் மறுபடி கொத்து காலி என்று எழுதினால் பதில் போட மாட்டேன்.