மறுமொழி: இரணைமடு சிறுபோக வயல், மீத்தேன் குறைக்க என்ன செலவு?

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில், கோடைகாலச் சிறுபோகத்துக்கு மூன்று ஏக்கர் நெல் விதைப்பு, தண்ணீரைக் குறைத்தால் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு குறையுமாம், செலவும் விளைச்சலும் என்னாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும்தான். நீர் தேங்கிய சேற்றில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள்தான் மீத்தேனை உண்டாக்குகின்றன. இடைக்கிடை காயவிட்டால் அவை அடங்கும்.

சாமான் செலவு ஒரு துண்டு பைப்தான். 4 அங்குல பீவீசீயில் ஓரடி வெட்டி, கீழ்ப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் போக நட்டு, உள்ளே இருக்கும் சேற்றை வழித்தெடுங்கள். எட்டிப் பார்த்தால் நீர்மட்டம் தெரியும். நிலத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சுங்கள். விதைத்து மூன்று கிழமைக்குப் பிறகு தொடங்கலாம். பூக்கும் காலத்தில் மட்டும் காயவிடாதீர்கள், பதர் விழும். இந்த அளவோடு நின்றால் பொதுவாக விளைச்சல் குறையாது.

உண்மையான செலவு புல்லில்தான் வரும். தண்ணீர் வற்ற வற்ற கோரை தலைதூக்கும்; களைக்கு ஆள்கூலியை முதலே கணக்கில் வையுங்கள். யூரியாவைக் காய்ந்த மண்ணில் வீசிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல் விடாதீர்கள், நைதரசன் வீணாகும். பச்சை வைக்கோலைத் தண்ணீருக்குள் உழுதால் மீத்தேன் கூடும், மக்கவிட்டுப் போடுங்கள்.

ஒன்று, இது சிறுபோகத்துக்குத்தான். மாரிகாலக் காலபோக மழையில் வயலைக் காயவிடுவது நம் கையிலா இருக்கிறது? வாய்க்கால் முறைத்தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருக்கால் வருகிறது என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.