முதலில் பஷீர், அப்புறம் விஜயன்

ஐயா, மலையாள எழுத்து பழகி, ‘கசாக்கின் இதிகாசம்’ நாவலின் மூலத்தைப் பத்துப் பக்கத்தில் மூடிவிட்டதாகவும், வயதாகிவிட்டதோ என்றும் எழுதியிருக்கிறீர்கள். வயது காரணமில்லை. ஓ.வி.விஜயனின் நடை அப்படி, பாலக்காட்டுப் பேச்சு கலந்து அடர்ந்தது. பணி ஓய்வுக்குப் பின் நானும் அதில்தான் தொடங்கித் தடுமாறினேன்.

மலையாள எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீரின் ‘மதிலுகள்’ எடுங்கள். 1965இல் வந்த சின்னப் புத்தகம்; பேசுவதுபோல் குட்டிக் குட்டி வாக்கியங்கள். கதை சொல்பவர் ஆண்கள் சிறையில்; மதிலுக்கு அப்பால் பெண்கள் சிறையில் நாராயணி, அவள் முகமே அவருக்குத் தெரியாது. தான் வந்திருப்பதைச் சொல்லக் காய்ந்த குச்சியை மேலே எறிவாள். போன மாதம் அந்த இடத்தில் அகராதியைத் தொடவே மறந்துபோனேன்.

சரி, ஒன்று மட்டும் கவனம்: மலையாள வினைமுற்றில் ஆள் தெரியாது. ‘ஞான் வந்நு’ (நான் வந்தேன்), ‘அவள் வந்நு’ (அவள் வந்தாள்), இரண்டிலும் வினை ஒன்றே. எழுவாயை விடாமல் பிடித்துக்கொண்டு போங்கள்.